ஹட்பே போகும் ராத்திரிக் கப்பல்

பெரியண்ணன் வீடு கட்டி முடித்து மூன்று மாதம் ஆகிறது. கூரை போட்டாயிற்று, குழாயில் தண்ணீர் வந்தாயிற்று, கதவுக்கு நீலப் பெயிண்டும் அடித்தாயிற்று. குடி மட்டும் போகவில்லை. பெண்டாட்டியோடு பக்கத்திலிருக்கும் பழைய தகரக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார். காலையில் போய்ப் புது வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார், சாயங்காலம் போய்ச் சாத்திவிட்டு வருகிறார். கேட்டால், கூடப் பிறந்தவள் வந்து பால் காய்ச்சாத வீட்டில் எப்படிப் பாய் விரிக்கிறது என்கிறார்.

கூடப் பிறந்த தங்கச்சி மலர்க்கொடி இருப்பது திருச்சி காட்டூரில். அண்ணன் வீடு இருப்பது அந்தமானில். அதுவும் விமானம் போய் இறங்குகிற போர்ட் பிளேரில் இல்லை. அங்கிருந்து சாயங்காலம் கப்பல் ஏறி, ராத்திரி முழுக்கப் போய், விடிகிற நேரத்தில் இறங்குகிற ஹட்பேயில். துறையூர்ப் பக்கத்திலிருந்து, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்ட வேலைக்குப் போன அப்பாவுக்கும் அம்மா மயிலம்மாளுக்கும் அங்கே பிறந்தவள் அவள். இருபத்தோரு வயதில் கல்யாணத்துக்காகக் கப்பல் ஏறினவள் திரும்பிப் போகவே இல்லை. முதலில் மாமியார் விடவில்லை, அப்புறம் பிள்ளை படிப்பு விடவில்லை, அப்புறம் யார் விடவில்லை என்று கேட்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. இருபத்தெட்டு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் போன் பண்ணுவார். அங்கே சிக்னல் கிடைக்கிற நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் கேட்குதா, கேட்குதா என்பதிலேயே போகும். மிச்சமிருக்கிற ஒரு நிமிஷத்தில் ஒரே கேள்விதான், எப்பம்மா வரே. வரேண்ணே என்பாள் இவள். மார்கழி பிறந்ததும் அவர் நாளையே குறித்துவிட்டார். தை பதினெட்டு, காலை முகூர்த்தம்.

போவதற்கு என்ன தடை என்றால், மலர்க்கொடியின் வயிறுதான் தடை.

அந்த வயிற்றைப் பற்றித் தெரியாத சொந்தக்காரர் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது. பஸ் ஏறிப் பத்து நிமிஷம் ஆனால் போதும், அவள் முகம் வெளுத்துவிடும். முன் சீட்டு, திறந்த ஜன்னல், கையில் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் கவர், எல்லாம் இருந்தும் பலன் இல்லை. ஒருதரம் திருவெள்ளறையில் நடந்த கல்யாணத்துக்கு இவளை ஏற்றிப் போன வேன் வழியில் ஐந்து இடத்தில் நின்று, தாலி கட்டி முடிந்து, பந்தியில் இரண்டாவது வரிசை எழுந்த பிறகு போய்ச் சேர்ந்தது. மகன் பாலமுரளி யாருக்காவது வழி சொன்னால், அம்மா வாந்தி எடுத்த பெட்ரோல் பங்க் இருக்கே, அதுக்கு அடுத்த ரைட்டு என்றுதான் சொல்வான். கேட்பவர்களுக்கும் அது புரியும்.

இப்படிப்பட்டவள் ராத்திரி முழுக்கக் கப்பலில் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள். கப்பலில் எனக்கு ஒரு தடவைகூட ஒன்றும் ஆனதில்லை என்று அவள் சொன்னால், அது அந்தக் காலம் என்று விடுவான் மகன்.

புருஷன் மாதவன் சிரிக்க மாட்டார், விசாரிப்பார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷமாக ஃபிட்டர். தண்டவாளத்தில் ஓடாத எதையும் அவர் வண்டி என்று ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் கப்பல் நடுவில் எத்தனை இடத்தில் நிற்கும் என்று கேட்டார். எங்கேயும் நிற்காது என்றாள். கிராசிங்குக்குக்கூடவா என்றார். ராத்திரி பூராவும் சுத்திலும் தண்ணிதானா என்றார். தண்ணிதான் என்றாள். நடுவில் உனக்கு முடியாமல் போனால் எந்தச் செயினைப் பிடித்து இழுக்கிறது என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை என்பதுபோலப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

கடைசியில் அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். தை பதினெட்டு அன்றைக்கு வீடியோ கால் போடலாம். அங்கே அவர்கள் அடுப்பில் பாலை வைக்கட்டும், இங்கே இவளும் வைக்கட்டும். ரெண்டும் ஒரே நேரத்தில் பொங்கினால் சரிதானே என்றார். மகனும் நல்ல யோசனை என்றான்.

மலர்க்கொடி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"பால் பொங்க வேண்டியது எங்க அண்ணன் வீட்டு அடுப்புல. இங்க பொங்குனா காபிதான் போடலாம்."

சொன்னாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் யாருக்கும் சொல்லாத சங்கதி. சின்னப் பிள்ளையில் லீவுக்குப் போர்ட் பிளேர் போய்த் திரும்புகிற அந்த ராத்திரிகள் அவளுக்குப் பிடிக்கும். வீடு போய்ச் சேருவதைவிடப் பிடிக்கும். கப்பல் சங்கு ஊதியதும் அம்மா மேல்தட்டில் பாயை உதறி விரிப்பாள். வெறும் வயிற்றோடு கடலில் இருக்காதே என்று கை நிறைய வறுத்த கடலை கொடுப்பாள். இஞ்சின் சத்தம் முதுகுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கி விழித்துப் பார்த்தால் கிழக்கே வெளுத்திருக்கும், கலங்கரை விளக்கு தெரியும், ஈரத் தென்னை வாசனை வந்து மூக்கில் இடிக்கும். அந்தப் பெண் இப்போதும் தனக்குள் இருக்கிறாளா, இல்லை, காட்டூர் டவுன் பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக வாந்தியெடுத்தே தீர்த்துவிட்டோமா என்று மலர்க்கொடிக்குத் தெரியவில்லை. பால் காய்ச்ச வாங்கி வைத்த பித்தளைப் பாத்திரத்தை மட்டும் வாரம் ஒருமுறை புளி போட்டுத் துலக்கினாள். மூன்று மாதமாக அது வீட்டிலேயே பளபளத்துக்கொண்டிருந்தது.

வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ராப்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாம் என்று மருமகள் ஸ்ரீவித்யா சொல்ல, பாலமுரளியின் காரில் நாலு பேரும் ஸ்ரீரங்கம் கிளம்பினார்கள். சஞ்சீவி நகர் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறுவதற்குள் கார் ஒருமுறை ஓரம் கட்டி நின்றது. மலர்க்கொடி இறங்கி, வாய் கொப்பளித்து, மறுபடி ஏறினாள். பாலமுரளி மணியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

வரிசையில் நின்று ஆயிரங்கால் மண்டபத்தில் சேவை முடிந்து வெளியே வரும்போது ஐந்து மணி. கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். டெல்லி அப்பளம், வளையல் கடை, குடை ராட்டினம். எல்லாவற்றுக்கும் நடுவில் கொலம்பஸ் ராட்டினம். நீலமும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்த பெரிய இரும்புப் படகு. முன்னும் பின்னும் வீசி ஆடி, இந்த முனை வானத்துக்குப் போகும்போது அந்த முனை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் போட்ட கூச்சல் கோபுர வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

பாலமுரளி அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, கப்பல் கப்பல்னியே, இந்தா நிக்குது, ஏறு என்றான். இதில் ஒரு ரவுண்டு ஒன்றும் ஆகாமல் இறங்கிவிட்டால் அந்தமானுக்கு நானே டிக்கெட் போடுகிறேன் என்றான். மாதவனுக்கும் வேடிக்கை பிடித்துப் போயிற்று. இவன் டிக்கெட் போட்டால் நானே கூட வருகிறேன் என்றார், நடக்கப் போகிறதா என்ன என்ற தைரியத்தில்.

"ஆனா ஒண்ணு மலரு. உனக்கு முடியாமப் போச்சுன்னா வீடியோ கால்தான். அப்புறம் கப்பல் பேச்சே எடுக்கக் கூடாது. சரிதானே?"

ஸ்ரீவித்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அத்தையின் முழங்கையைப் பிடித்து, வேண்டாம் அத்தை, இவங்க கேலி பண்றாங்க, நீங்க வாங்க, வளையல் பார்ப்போம் என்றாள். மலர்க்கொடி படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போய் வருகிற நேரத்தை மனசுக்குள் கணக்கிட்டாள். பஸ் மாதிரி இடித்து இடித்துப் போகவில்லை. தூளி மாதிரி, போனது தானே திரும்பி வருகிறது.

கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை மருமகளிடம் கொடுத்தாள். பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கி, ஒரு வாய் போட்டுக்கொண்டு, மிச்சத்தையும் அவளிடமே கொடுத்தாள்.

"பத்திரமா வச்சிரும்மா. இறங்கி வந்து சாப்பிடணும்."

ராட்டினத்தை இயக்குகிறவன் பெயர் இம்தியாஸ். சட்டையில் எழுதியிருந்தது. வயதைப் பார்த்துவிட்டு, அம்மா நீங்க நடுவுல உட்காருங்க, அங்கதான் ஆட்டம் கம்மி என்றான். எங்கே ஜாஸ்தி என்று கேட்டாள். கடைசி வரிசைங்க, அங்க பொம்பளைங்க உட்கார மாட்டாங்க என்றான். நடுவில் உட்கார்ந்து ஜெயித்தால் நாளைக்கு, நடுவுலதானே உட்கார்ந்தே என்று இவர்கள் பேசுவார்கள். அவள் புடவையைச் செருகிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். வேறு வழியில்லாமல் புருஷன் வலப்பக்கம் உட்கார்ந்தார், மகன் இடப்பக்கம்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. முதல் வீச்சு சும்மா ஊஞ்சல் மாதிரி. இரண்டாவதில் கால் தரையைவிட்டு லேசானது. மூன்றாவதில் படகின் முனை மேலே போய், ஒரு நொடி நின்று, அப்படியே விழுந்தது. வயிறு மேலே தங்கிவிட உடம்பு மட்டும் கீழே வந்தது. மலர்க்கொடி காத்திருந்தாள். வாயில் நீர் ஊறும், காது அடைக்கும், பிறகு அது வரும். இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம் அல்லவா, வரிசைகூட மாறாது.

வாயில் நீர் ஊறவில்லை.

நாலாவது வீச்சில் அவள் அறியாமலே உடம்பு ஒரு காரியம் செய்தது. மேலே போகும்போது முன்னால் சாய்ந்தது, கீழே விழும்போது மூச்சை விட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கப்பலில் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. கண்ணைத் தொலைவில் வை என்பாள் அம்மா. வைத்தாள். வெயில் தாழ்ந்து, கொள்ளிடத்து மணல் செம்மண் நிறமாகக் கிடந்தது. அதற்கப்பால் தோப்பு, தோப்புக்கு மேல் வானம் தொடங்குகிற கோடு. அந்தக் கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. இதை அவளுக்குத் தெரியும். இந்தக் கோட்டோடுதான் அவள் வளர்ந்தாள்.

இடப்பக்கம் பாலமுரளி கண்ணை இறுக மூடி, வெளுத்துப்போன முகத்தோடு, நிறுத்தச் சொல்லும்மா, நிறுத்தச் சொல்லும்மா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வலப்பக்கம் மாதவன் கம்பியை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வளையல் சதையில் அழுந்தியது. படகு உச்சிக்குப் போய் நின்ற ஒரு நொடியில் அவர் சொன்னார்.

"மலரு, எனக்குத்தான் பயம். கடல்ல ராத்திரி முழுக்க என்னால முடியாது. அதான் உன் வயித்து மேல பழியைப் போட்டுக்கிட்டே வந்தேன்."

படகு விழுந்து, மறுபடி ஏறியது. இருபத்தெட்டு வருஷம் இவர் பயத்தைத்தான் தூக்கிச் சுமந்தோமா என்று ஒரு கோபம் வந்தது. கையைப் பார்த்தாள். ஒர்க்ஷாப்பில் இரும்பைப் பிடித்துக் காய்த்துப் போன விரல்கள், சின்னப் பிள்ளை மாதிரி அவள் வளையலையும் சேர்த்துப் பிடித்திருந்தன. கோபம் அடுத்த இறக்கத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"கண்ணை மூடாதீங்க. தூரமாப் பாருங்க. அது ஆடுறதோட ஆடுங்க, எதுத்துப் பிடிக்காதீங்க."

"எங்க பாக்கறது?"

"அந்தா, கொள்ளிடம் பாலத்துல ரயில் போகுது பாருங்க. என்ன வண்டி?"

மாதவன் கண்ணைத் திறந்தார். ரயில் என்ற வார்த்தைக்கு அவர் கண் திறக்காமல் இருந்ததே இல்லை. பாலத்தில் நீளமாக ஒரு வண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். பதினொன்று வரைக்கும் குரல் நடுங்கியது. பதினாறில் பிடி தளர்ந்தது. பின்னால் ஒரு லக்கேஜ் பெட்டி சேர்த்திருக்கான் பாரு என்று அவர் குறை சொன்னபோது படகும் வேகம் குறைந்துவிட்டது.

இறங்கியதும் பாலமுரளி வேப்பமரத்துப் பின்னால் ஓடினான். மலர்க்கொடி பின்னாலேயே போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அடுத்தவர் வாந்திக்கு அவள் தண்ணீர் ஊற்றினாள். ஸ்ரீவித்யா எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து புருஷன் மூக்கில் வைத்தாள். எல்லாவற்றையும் செல்லில் வீடியோ எடுத்திருப்பதாகவும் மரத்துப் பின்னால் நடந்தது மட்டும் கொஞ்சம் இருட்டாக விழுந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

மலர்க்கொடி கடலைப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றாள். இம்தியாஸ் வந்து பார்த்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து இறங்கிக் கடலை தின்கிற ஆளை நான் பார்த்ததில்லைம்மா என்றான். இன்னொரு ரவுண்டு சும்மா வரீங்களா என்று கேட்டான்.

வந்தாள். இந்தத் தடவை தனியாக. மாதவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அந்த இரும்புப் படகு மேலே போன ஒவ்வொரு முறையும் மலர்க்கொடிக்குக் கொள்ளிடம் தெரியவில்லை. போர்ட் பிளேர் துறையில் சங்கு ஊதுவது கேட்டது. பாயை எங்கே விரிக்கலாம் என்று இடம் பார்த்தாள். புகைபோக்கிக்குப் பின்னால், காற்று மறைவாக, அம்மா விரிக்கிற அதே மூலை. நட்சத்திரம் இருக்கும். பக்கத்தில் இவர் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கையைப் பிடித்துக்கொள்ளலாம், ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. விடியும்போது எழுப்பி, அந்தா தெரியுது பாருங்க, எங்க ஊரு என்று காட்ட வேண்டும். படகு ஆடி அடங்கி நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அம்மா, ஊர் வந்திருச்சு, இறங்குங்க என்றான் இம்தியாஸ்.

திரும்பி வரும்போது பாலமுரளி காரின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டான். ஸ்ரீவித்யா ஓட்டினாள். பால்பண்ணை வந்தது. முன் சீட்டிலிருந்து மலர்க்கொடி, ஓரமா நிறுத்தும்மா என்றாள். கதவைத் திறந்து இறங்கி, சாக்கடை ஓரமாகக் குனிந்தாள். பின் சீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலமுரளி முகத்தில் இருட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது.

அவள் வாய் கொப்பளித்து, முந்தானையால் துடைத்து, நிமிர்ந்து, கார் ஜன்னலில் தலையை விட்டாள்.

"இது காரு. அது கப்பல். நீ டிக்கெட்டைப் போடு."

அன்றைக்கே போட்டான். சென்னை வரைக்கும் மாதவனுக்கு ரயில்வே பாஸ், அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானம். ஹட்பே கப்பலுக்கு அண்ணனே ஆள் வைத்துக் கவுண்டரில் சீட்டு எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் வந்தபோது, கேட்குதா, கேட்குதா எல்லாம் முடிந்து, எப்பம்மா வரே என்றார். வரேண்ணே என்று வழக்கமான பதிலைச் சொல்லாமல், தை பதினாறு சாயங்காலக் கப்பல், ரெண்டு பேரு, பதினேழு விடியக்காலம் துறையில வந்து நில்லு என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தாள். சிக்னல் போகவில்லை. அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற குரல் தூரத்தில் கேட்டது. அன்றைக்கு நாலு நிமிஷமும் தாண்டிப் பேசினார்கள்.

பிறகு வந்த நாட்களில் மாதவன் ஒர்க்ஷாப்பில் எல்லாரிடமும் கப்பலைப் பற்றித்தான் பேசினார் என்று கேள்வி. வீட்டுக்கு வந்து, லோயர் பெர்த்தா அப்பர் பெர்த்தா என்று கேட்டார். மேல்தட்டுல பாய் என்றாள். ஆர்ஏசி மாதிரியா என்றார். அதைவிட உசத்தி என்றாள்.

கிளம்புகிற அன்று காலை அவள் பித்தளைப் பாத்திரத்தைக் கடைசியாக ஒருமுறை துலக்கி, புதுத் துண்டில் சுற்றுவதற்கு முன்னால், உள்ளே காலியாகப் போவானேன் என்று கடலைப் பொட்டலத்தை வைத்தாள். மேலே எலுமிச்சம்பழங்களை அடுக்கினாள். ஆறு பழம். மாதவன் பார்த்துக்கொண்டே நின்றார். கப்பலில்தான் உனக்கு ஒன்றும் ஆகாதே, இத்தனை எதுக்கு என்று கேட்டார்.

"ஸ்டேஷன் போற வரைக்கும் ஒண்ணு எனக்கு," என்றாள் மலர்க்கொடி, துண்டின் முனைகளை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே. "மிச்சம் அஞ்சும் உங்களுக்கு."